முப்பத்தேழாம் சட்டம்

பலாஸ்ட் தாங்கிக்குள் ஊர்ந்து போகிறேன்.
முழங்காலில் துரு, நாக்கிலும் துரு.
வெளியே உலர்துறையின் தளத்தில் யாரோ ஒருவன்
சிங்களத்தில் கிரேனைத் திட்டுவது
கிணற்றுக்குள் விழுந்த குரலாய் வருகிறது.

தாங்குதகடு சட்டத்தைத் தொடும் இடம்,
ஒட்டின் விளிம்பு.
சிவப்பு மை பூசி, இருபது நிமிடம் இருந்து,
துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு உருக்கு
தான் குடித்ததைத் திருப்பித் தந்தது:
ஒன்றரைத் தீக்குச்சி நீளத்தில்
ஒரு சிவப்புக் கோடு.
வகிடு மாதிரி என்று எழுதப் பார்த்தேன்.
வகிடு நேராய் இருக்கும்.

அஸ்மீர் டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தான்.
"எண்ட ஒட்டுத்தான் மிஸ்.
போன டொக்கிங்ல போட்டது. எக்ஸ்ரே பாஸ்."
பொய்யில்லை. படம் கோப்பில் இருக்கிறது.
ஒரு குமிழி இல்லை, கசடு இல்லை.

படத்தில் விழாத ஒன்று:
உருகிய கோடு ஆறும்போது சுருங்கப் பார்த்தது;
இருபுறத் தகடும் குளிர்ந்து இறுகி
விடமாட்டோம் என்றன.
அந்த இழுபறி அப்படியே உறைந்தது.
ஒரு கொள்கலன் ஏறுமுன்னே,
ஓர் அலை முட்டுமுன்னே.
பாடப்புத்தகத்தில் எச்சத் தகைப்பு.
அஸ்மீருக்கு,
"இரும்பு மூச்சப் புடிச்சிட்டு நிக்கிது மிஸ்."

பிறகுதான் அலைகள்.
புயல் எதுவும் உடைக்கவில்லை.
சிட்டகொங்குக்கும் ஜெபல் அலிக்கும் நடுவே
ஏழு விநாடிக்கு ஒன்றாய்,
சமையற்காரனின் தேநீர்கூடத் தளும்பாத
சில்லறை அலைகள்.
கோடிக்கணக்கில்.

மனிதத் துளை வழியே சுப்பரின்டென்டன்ட்டின் தலை:
"மேலால ஒரு ஒட்டு இழுத்து விடேலாதா?
வியாழன் தண்ணி விடணும்."
இழுக்கலாம்.
புதுச் சூடு, புது ஆறல், புது இழுபறி.
நுனியில் முதலில் ஒரு துளை போடணும் என்றேன்.
"வெடிப்பை நிறுத்த ஓட்டையா?"
கூருக்குத்தான் பசி, ஐயா. வட்டத்துக்கு இல்லை.
பிறகு தோண்டி, சூடாக்கி, ஒட்டி,
போர்வை போர்த்தி மெல்ல ஆறவிட்டு,
விளிம்பை வழவழப்பாய் வழித்து
சனிக்கிழமை ஆகும்.
தலை மறைந்தது.
தொலைபேசிக் கோபம் தகட்டில் எதிரொலித்தது.

படிவத்தில் 'காரணம்'.
மூன்று கட்டங்கள்:
ஒட்டுநர் தவறு. பொருட் குறை. வேறு.
அஸ்மீர் கையுறையைக் கழற்றினான்,
மாட்டினான், கழற்றினான்.
நான் 'வேறு' என்பதில் கோடிட்டேன்.
விளக்கம் எழுத
அரை வரி இடம் விட்டிருந்தார்கள்.

முகத்துவாரப் பக்கம் வெயில் சாய்ந்து
இடதுபுறத் தகடுகள் ஆறத் தொடங்கின.
கப்பலுக்குள் எங்கோ
ஒரு டிக்.
இருவரும் பேசவில்லை.
இன்னொன்று.