வினைக்கு முன்னால் ஐவர்

சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்வது என் வேலை.
கிரிம்ஸ்பியில், மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்தெருவில்,
இரண்டாம் மாடி. ஹீட்டர் பாதி நாள் எரியாது.
காதில் ஹெட்போன், காலடியில் பெடல்:
மிதித்தால் பேச்சு, எடுத்தால் நின்றுவிடும்.
இருமலைக்கூட விடமாட்டேன்,
அடைப்புக்குறிக்குள் போடுவேன்.

செவ்வாய்க்கிழமைப் பதிவு ஒரு மரண விசாரணை.
மூழ்கிய படகு மார்ஜரி ஆன்.
இறந்தவன் ஜோயல் ஃபெரிபி, பத்தொன்பது.
சாட்சி டென்சில் பிளான்ச்சர்ட், எஞ்சின் பார்ப்பவர்.

வால்வைச் சோதித்தீர்களா என்று அதிகாரி கேட்கிறார்.
தண்ணீர் விழுங்கும் சத்தம்.
பிறகு, ஐ.

ஐ-க்கும் செக்ட்-க்கும் இடையில்
ஒரு மூச்சு இடம்தான் உண்டு.
அதற்குள்
ப்ராபப்ளி ஜஸ்ட் நெவர் ரியலி ப்ராப்பர்லி
என ஐந்து பேர்
மழைக்கு ஒதுங்கிய பஸ் நிறுத்தக் கூட்டம்போல
தோள் இடித்து நிற்கிறார்கள்,
ஆளுக்கும் செயலுக்கும் நடுவில்.

ப்ராபப்ளி முன்னால் போய் வேவு பார்க்கிறது,
நினைவு எவ்வளவு தூரம் தாங்கும் என்று.
ஜஸ்ட் தோளைக் குலுக்குகிறது.
நெவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது,
ஒப்புக்கொள்ள வந்த ஒரே ஆள்.
அதன் சட்டையைப் பின்னாலிருந்து இழுக்கிறது ரியலி,
அவ்வளவு உறுதியாகச் சொல்லாதே என்று.
ப்ராப்பர்லி கடைசியில் முணுமுணுக்கிறது:
ஒரு கை தொட்டிருக்கும், ஒரு பார்வை விழுந்திருக்கும்,
செய்யவேண்டிய விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வரிசையை எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
டாக்ஸி ஓட்டுபவருக்குத் தெரியும்.
கீழ்வீட்டு நாலு வயது மேபலுக்குத் தெரியும்.
ப்ராப்பர்லி நெவர் ஜஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள்,
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தாற்போல்
நாக்கு தடுமாறும்.

ஆனால் சில இருவர் இடம் மாறினால்
வாக்கியம் விழுவதில்லை,
வேறு வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது.

வழக்கறிஞர் திருமதி ஆல்டர்ட்டன் அதைப் பிடித்துக்கொண்டார்.
நெவர் ரியலியா, ரியலி நெவரா, மிஸ்டர் பிளான்ச்சர்ட்?
ரெண்டும் ஒண்ணுதானே, மேடம்.
பதினோரு விநாடி.
அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று போட்டேன்.
ஒன்றல்ல.
ஒன்றில் கை போயிருக்கிறது, கவனம் போகவில்லை.
மற்றதில் கையே போகவில்லை.

பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

போன ஜூனில் ரோரியிடம் கேட்டேன்,
அவன் அப்பாவின் வேனை விற்கட்டுமா என்று.
ரயில் இரைச்சலுக்கு நடுவே போனில் சொன்னான்,
ஐ ரியலி டோன்ட் மைண்ட்.
துளியும் ஆட்சேபம் இல்லை.
விற்றேன். எண்ணூறு பவுண்டு.
அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூப்பிடுவதில்லை.
இன்று இந்த ஹெட்போனுக்குள் இருந்துகொண்டு
எனக்குச் சந்தேகம்:
ஐ டோன்ட் ரியலி மைண்ட் என்றல்லவா சொல்லியிருப்பான்?
பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் இருக்கிறது,
இன்னொரு தடவை கேட்டால் சொல்வேன்.
ஒரு சொல், ஓர் இடம் தள்ளி.
அதற்குப் பதிவு கிடையாது. பெடல் கிடையாது.

அலுவலகத்துக் குறிப்பு மேசையில் கிடக்கிறது:
தேவையற்ற சொற்களை நீக்கிச் சுருக்கவும்.
நீக்கினால், நான் சோதிக்கவில்லை என்பது மிஞ்சும்.
அது தீர்ப்பு. அவர் சொன்னது அதுவல்ல.
ஐவரையும் அப்படியே நிற்க விட்டேன்.

மறுபடி மிதித்துக் கேட்கிறேன்.
ப்ராபப்ளி. ஜஸ்ட். நெவர். ரியலி. ப்ராப்பர்லி.
அங்கே, செக்ட் வருவதற்குச் சற்று முன்,
பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிறது.
பையனின் அம்மாவாக இருக்கலாம்.
வினை வந்து சேரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

அடைப்புக்குறிக்குள்
நாற்காலி என்று போட்டேன்.