நாற்பதாவது நிமிடம்

சரியாக நாற்பதாவது நிமிடத்தில் அது சாகும்.
பச்சை ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி,
நான்கு விளக்கும் ஒருசேரக் கண்ணடித்து
முதலிலிருந்து பிறக்கும்.
அதுவரை தோஹாவில் ஆறு பிள்ளைகள்
என் உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்,
வாய் பாதி திறந்தபடி,
"ஆகவே எக்ஸ்" என்ற இடத்தில்.

கம்பெனிக்குப் போன் போட்டால்
ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்.
நேரில் வந்த பையன் காய்ச்சல் பார்ப்பதுபோல்
ரவுட்டரின் முதுகில் கை வைத்தான்.
"புதுசு வாங்கிடுங்க. ரெண்டாயிரத்து நானூறு."
கொளத்தூர், மூன்றாம் மாடி, மே மாதம்.
மேசை விசிறியை என்னிடமிருந்து பிடுங்கி
அதற்குத் திருப்பி வைத்தேன்.
நாற்பது நாற்பத்து மூன்றானது.

திருகாணிகள் ரப்பர் கால்களுக்கடியில் ஒளிந்திருந்தன.
உள்ளே ஓர் ஊர். வரிசை வீடுகள், வெள்ளிச் சாலைகள்,
அதன் ஓரத்தில் இரண்டு தண்ணீர்த்தொட்டிகள்
தலை உப்பி நின்றன, பூரி மாதிரி.
ஒன்றின் காலடியில் பழுப்பாய் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.
பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கி என்று எழுதி
மூன்று மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ரிச்சி தெருவில் ஒரு கதவகலக் கடை.
துண்டுச் சீட்டை நீட்டினேன்: ஆயிரம் மைக்ரோ, பத்து வோல்ட்.
"பதினாறு போட்டுக்கோங்கம்மா, தப்பில்ல.
மைக்ரோவ மட்டும் மாத்தாதீங்க.
நூத்தஞ்சு டிகிரி சரக்கு தரேன்,
எம்பத்தஞ்சு நம்ம வெயிலுக்கே பத்தாது."
ஒன்று ஐந்து ரூபாய். இரண்டு கேட்டேன், ஆறு தந்தார்.
சில்லறை இல்லையாம்.

கீழ்வீட்டு சம்பத்குமார் மைக்செட் வாடகைக்கு விடுபவர்,
பற்றவைப்புக் கோலைக் கொடுக்கும்போது
"கைய சுட்டுக்காதீங்க டீச்சர்" என்றார். சுட்டுக்கொண்டேன்.
ஒரு கால் உடனே உருகி வந்தது.
இன்னொன்று வரவேயில்லை.
பலகையின் செம்பு முழுக்கச் சூட்டைக் குடித்துவிடுகிறது,
எவ்வளவு கொடுத்தாலும் போதாத சில உறவுகளைப் போல.
குங்கிலியப் புகை. அடுத்த வீட்டில்
யாருக்கு சாம்பிராணி என்று கேட்டார்கள்.

சாம்பல் கோடு போட்ட பக்கம் கழித்தல்.
மாற்றி வைத்தால் வெடிக்கும்.
பதினாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்
ஒரு கழித்தல் குறியை
இத்தனை பயபக்தியோடு இதற்குமுன் வைத்ததில்லை.

இன்று வகுப்பு.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
என் கை பழக்கத்தில் நோட்டை மூடப் போனது.
நாற்பது.
நாற்பத்தொன்று.
யாரும் பேசவில்லை. பிள்ளைகளும்
உறைந்துவிட்டார்களோ என்று பார்த்தேன், இல்லை,
ஒருத்தி மூக்கைச் சொறிந்தாள்.

பிறகு கேமராவே போடாத முபீன்,
இத்தனை மாதத்தில் "யெஸ் மிஸ்" மட்டும் சொன்னவன்:
"மிஸ், மைனஸும் மைனஸும் பெருக்கினா
ஏன் பிளஸ் வருது?"

இப்படிக் கேள்விகள் வரும்போதெல்லாம்
கடிகாரத்தைப் பார்த்தபடி
நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்று
நாற்பதை நோக்கி மெல்ல நடப்பேன்.
ரவுட்டர் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

அதைப் பார்த்தேன்.
நான்கும் பச்சை. துடிக்கக்கூட இல்லை.

"அப்படித்தான் விதி" என்று சொல்ல வாயெடுத்தேன்.
கட்டைவிரலில் கொப்புளம் எரிந்தது.

"தெரியலடா" என்றேன்.
"இரு. யோசிக்கலாம்."

அவன் வீட்டு ஏசியின் சத்தம் எனக்குக் கேட்கிறது.
என் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்து
குடங்கள் இடிபடுவது
அவனுக்கும் கேட்டிருக்கும்.
ஐம்பத்திரண்டு.