கால் முளைத்த நரி

மூன்று நிறத்தில் சுவரொட்டி அடித்தோம்.
"இளைஞர்களே, வாருங்கள், உலகத்தோடு பேசுங்கள்!"
மரிபோர் நகரத்து இளைஞர்கள்
ஏற்கெனவே உலகத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்,
கட்டைவிரலால்.
வருகிறவர்களுக்கென்று வாங்கிய பீட்சாவை
உறுப்பினர்கள் பதினொரு பேரும் நாங்களே தின்றோம்.
சிரிலுக்கு மறுநாள் வயிறு சரியில்லை.
அதையும் கூட்டக் குறிப்பில் எழுதினேன்.
செயலாளர் நான், எழுத வேறென்ன இருந்தது?

ஞாயிறன்று நரி வேட்டை.
நரி என்றால் நரியில்லை,
சோப்பு டப்பாவுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர்.
நிமிடத்துக்கொரு தரம் வாய் திறக்கும்:
டா டா, டா டா டா, டி.
தச்சர்களின் இரும்பு அளவுநாடாவை வெட்டி
பிளாஸ்டிக் குழாயில் பூட்டிய ஆன்டெனா,
பார்வைக்குப் பெரிய மீன்முள்.
அதைத் திருப்பத் திருப்ப ஒலி ஏறும், இறங்கும்.
ஏறுகிற பக்கம் நட.

திராவா ஆற்றங்கரைப் புதரில்
மிலிவோய் ஒளித்து வைத்தார்.
நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனபோது
ஒலி ரயில் நிலையத்தில் இருந்தது.
ரயில் நிலையத்துக்குப் போனால்
மருத்துவமனைக்குப் பின்னால்.
"தேவாலயச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை இது"
என்று நடுத்தெருவில் நின்று
பத்து நிமிடம் விளக்கினார் வேகோஸ்லாவ்.
அவர் முடிப்பதற்குள்
நரி பாலம் கடந்துவிட்டது.

ஆறாம் எண் பஸ், கடைசி இருக்கை.
மூன்று பெண்கள், மூன்று ஸ்கேட்போர்டு,
ஒருத்தி மடியில் சோப்பு டப்பா.
புதருக்குள் உருண்ட பலகையை எடுக்கப் போய்
கீச்சிடும் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.
அடுத்த நிறுத்தத்தில், ஜன்னலுக்கு வெளியே
நரைத்த தலைகளின் கூட்டமொன்று
மீன்முள்ளைத் தங்கள் பக்கம் திருப்பியதும்
விஷயம் புரிந்துபோயிற்று.
இறங்கினார்கள்.
வேறு பஸ் ஏறினார்கள்.

இரண்டரை மணி நேரம்.

நரி மிக அருகில் வந்துவிட்டால்
ஆன்டெனாவுக்குக் கண் தெரியாது,
எல்லாத் திசையும் நரிதான்.
அப்போது அதைக் கழற்றிவிட்டு
ரேடியோவை நெஞ்சோடு அணைத்துச் சுற்ற வேண்டும்.
உடம்பு குறுக்கே வரும் பக்கம் ஒலி சாகும்.
சதுக்கத்தின் நடுவே
பேய் பிடித்தவள்போல் சுற்றினேன்.
ஒலி செத்த நொடியில்
முதுகுக்குப் பின்னால் சிரிப்பு.

"இவ்வளவு நேரமா?" என்றாள் டின்காரா,
ஐஸ்கிரீம் வழியும் மணிக்கட்டை நக்கியபடி.

இப்படி ஒருத்தி எதிரே வந்தால் பேச
ஓர் உரை வைத்திருந்தேன்:
அயனி மண்டலம், வெள்ளக் காலச் சேவை,
உரிமம், நாற்பது பக்கக் கையேடு.
ஒரு வரி நினைவில் வரவில்லை.
மூச்சு வாங்கியது.
"அடுத்த வாரமும் நீங்களே ஒளியுங்கள்" என்றேன்.

"பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" இது நேலி.
"தண்ணிக்குள்ள போட்டா கேக்குமா?" இது ப்ரினா.
எனக்குத் தெரியவில்லை.
அவர்களே போட்டுப் பார்த்தார்கள்.
(டப்பா புதிதாக வாங்க வேண்டியிருந்தது.)

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
சேர விரும்பும் காரணம்.
மூன்று கையெழுத்தில் ஒரே சொல்,
"ஏமாற்ற."
முத்திரை குத்தினேன்.

இன்று காற்று பலமாக இருக்கிறது.
வரைபடத்தில் கோடுகள் கூட மறுக்கின்றன.
ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
ஒன்று திராட்சைச் சரிவுக்கு.
மீன்முள்ளை மெல்ல நிமிர்த்துகிறேன்,
ஒலி ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது,
நேரே தலைக்கு மேலே.
அங்கே ஒரு சிவப்புப் பட்டம்,
அதன் வாலில் என்னவோ தொங்குகிறது.

முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டு
சிரில் ஓடத் தொடங்கிவிட்டார்,
நூலின் மறுமுனையைத் தேடி.