மூன்று தரம் அடித்தும்

எர்ணாவூர் மேம்பாலத்தடியில்
லாரி வரிசை நகராத ஏதோ ஒரு ராத்திரி
பருத்திக்கொட்டை மூட்டை கிழிந்திருக்க வேண்டும்.

தண்டவாள ஓரம் களைக்கொல்லி அடிப்பவள் தேசராணி.
கோரை கருகிவிட்டது.
குப்பைமேனி, கீழாநெல்லி,
பிடிவாதக்கார அருகும்கூட.
இது மட்டும் முழங்கால் உயரத்தில்
மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது.

“இன்னாம்மே, வெறுந் தண்ணியா அடிச்சே?”
மேஸ்திரி கபிரியேல் கேட்க
தோலுரிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அப்புறம் ஒரு காயைப் பிய்த்து
நகத்தால் பிளந்தாள்.
உள்ளே ரோஸ் நிறத்தில் புழு,
சாவகாசமாக.

மருந்துக்குச் சாகாத செடி.
செடிக்குச் சாகாத புழு.

“வேரோட புடுங்கு” என்றார்.
இரண்டு கையாலும் இழுத்தாள்.
வந்துவிட்டது.

அதற்குள் மேல்கிளையில் வெடித்திருந்த காயிலிருந்து
கொட்டையோடு ஒரு துணுக்குப் பஞ்சு
கடற்காற்றில்
கம்பிவேலி தாண்டி
கொசஸ்தலைப் பக்கம்.