சீனிப்பாகு

ஜெனோசனின் முடி நிமிர
முட்டை வெள்ளை காணாது.
சீனிப்பாகு காய்ச்சினோம்.
முதல் ரசிகர்கள்
குருநகர் எறும்புகள்.

எண்பதுகளில் டோக்கியோ நிலவறையில் முளைத்து
இந்தக் கோலம் உச்சிக்கு ஏறிய காலம்
இங்கே கரண்ட் இல்லை.
சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றிப்
பாட்டுக் கேட்டவராம் அவன்ரை அப்பா.
கை களைத்தால்
பாடகியும் ஆம்பிளைக் குரலில் இழுப்பாவாம்.

அங்கே பிறகு முடி படிந்தது,
சாயம் மெலிந்தது,
சலித்துப்போய் இன்னொரு கூட்டம்
பழைய வெள்ளையையே அப்பிக்கொண்டு வந்தது.
எல்லாம் போனில் பார்த்ததுதான்.

மேடைக்கு ஐந்து நிமிடம்.
என் கண்மையை அவனுக்கு இழுக்கிறேன்.
அசையாதை எருமை.

வாசலில் அவன்ரை அப்பா.
எறும்பொன்றைத் தட்டிவிட்டார்.

"இடக்கண் கோணல், பிள்ளை."