எட்டில் ஐந்து

மூன்று மாதம் ஆயிற்று
பதினெட்டு யூரோ கத்தியோடு.
பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் வகை.
முகத்தில் அது போட்ட கையெழுத்து
இன்னும் அழியவில்லை:
இடது தாடைக்குக் கீழே ஒரு கோடு,
மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு புள்ளி,
காதுமடலில் ஒன்று.
அது எப்படி என்று கேட்காதீர்கள்.

வுப்பர்டாலில் தொங்கு ரயில் ஓட்டுகிறேன்.
ஆற்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் மேலே
தினம் இருநூறு முறை
நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் இந்தக் கை
கண்ணாடி முன்னால் மட்டும்
கற்றுக்குட்டி.
"பூனையோடா படுக்கிறாய்?" என்கிறான் செவ்கெத்,
ஷிஃப்ட் மாறும்போது சாவியை நீட்டியபடி.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.
நான் வல்லவன் இல்லை.
ஆகவே முந்நூறு யூரோ சேர்த்தேன்.
சம்பளம் வந்த சனிக்கிழமை
ஃபோவிங்கலில் டிராலி பஸ் ஏறி
சோலிங்கன் போனேன்.

கடையில் மூன்று இழுப்பறை.
விற்பவள் பெயர் மாரைக்கே, என் வயதுதான் இருக்கும்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
"ஆப்பிள் நறுக்கினேன்" என்றாள்,
நான் கேட்பதற்குள்.

முதல் இழுப்பறையில்
அகலம் எட்டில் ஏழு அங்குலம்.
கோடாலிக்குத் தம்பி.
தன் கனத்தில் தானே இறங்கும்,
எப்பேர்ப்பட்ட தாடியும் சாயும்.
மூக்குக்கடியில் நுழைய மட்டும்
முதலில் மூக்கைக் கழற்றி வைக்க வேண்டும்.

இரண்டாவதில்
அது இருந்தது.

எட்டில் ஆறு. முழுக்குழிவு.
எருமைக்கொம்புப் பிடி, அதற்குள் புகை உறைந்த மாதிரி கோடுகள்.
முனை சதுரம்,
அளவுகோல் வைத்துக் கிழித்த மூலை.
நகத்தால் அலகைச் சுண்டினாள்.
சன்னமாக ஓர் ஓசை எழுந்து
கூரைவரை போய் நின்றது.
கத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு
கத்தாமல் பாடுகிறதே என்று நினைத்தேன்.
இருநூற்று எண்பத்தைந்து.
பர்ஸ் தானாகத் திறந்துகொண்டது.

"காதைக் காட்டுங்கள்" என்றாள்.
காட்டினேன்.
"இந்த மூலையையா
இந்தக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போகிறீர்கள்?"

மூன்றாவது இழுப்பறை
திறக்கும்போது சிக்கியது.
எட்டில் ஐந்து. அரைக்குழிவு.
முனை வட்டம்,
பள்ளிப் பிள்ளைகளின் கத்தரிக்கோல்போல.
கறுப்பு பிளாஸ்டிக் பிடி.
சுண்டினாள். டொக் என்றது.

"முழுக்குழிவு நீங்கள் செய்த தப்பைச் சொல்லிக்காட்டும்.
இது பொறுத்துக்கொள்ளும்."

கத்தி நூற்றிருபத்தைந்து,
தீட்டும் தோல்பட்டை அறுபது.
திரும்பும் வழியில் பஸ்ஸின் கம்பி கழன்று
பத்து நிமிடம் நின்றோம்.
பெட்டி மூடியை ஒரு விரல் அகலம் தூக்கிப் பார்த்தேன்.
எதிரே இருந்த பெண்
கைப்பையை எடுத்துக்கொண்டு
முன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு.
பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இழுத்தேன்.
முதுகு முன்னே போக வேண்டும், அலகு பின்னே வர வேண்டும்,
திருப்புவது முதுகின்மேல்.
போனேன், திருப்பினேன், வந்தேன்.
போனேன், திருப்பினேன்.
நான்காவது திருப்பத்தில்
ரயில் கதவு சரியாகச் சாத்தியதா என்று எதற்கோ ஞாபகம் வந்தது.
பட்டையில் பிறைபோல ஒரு வெட்டு,
அறுபது யூரோவுக்கு நடுவில்.
புதுக் கத்தியின் முதல் காயம்
என்மேல் இல்லை.

அப்புறம் நுரை.
வலது கன்னம்.
தோலை மேலே இழுத்துப் பிடித்து, அலகைச் சாய்த்து,
மூச்சை எங்கோ வைத்துவிட்டு,
இறக்கினேன்.
காய்ந்த ரொட்டியை யாரோ பக்கத்து அறையில்
மெல்லச் சுரண்டுவதுபோல் சத்தம்.
அவ்வளவுதான். ரத்தம் இல்லை.
இன்னொரு தரம். இல்லை.
இடது கன்னத்துக்கு வந்தபோது
கை எந்தப் பக்கம் முழங்கை என்று மறந்துபோய்
பழைய எந்திரத்தை ஓடவிட்டு முடித்தேன்.

திங்கள் காலை ஓபர்பார்மனில்
செவ்கெத் என் முகத்தைச் சுற்றிப் பார்த்தான்.
"பூனை ஓடிப்போய்விட்டதா?"
"பாதி" என்றேன்.

பர்ஸில் மீதி நூற்றுப்பதினைந்து.
புதுப் பட்டை வாங்கலாம், வாங்கவில்லை.
எதற்கு வைத்திருக்கிறேன் என்று
செவ்கெத்திடம் சொல்லவில்லை.
வளைவுகளில் வண்டி சாயும்போது
தலைக்கு மேலே தண்டவாளம்
சன்னமாக ஓர் ஓசை எழுப்புகிறது,
இத்தனை வருடம் கேட்டதில்லை.