நாற்பத்தொன்றாவது வரி

காரைக்குடி, செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேலே
மூன்று மேசை, ஒரு ஏசி, அதுவும் சொட்டும்.
கீழே தம்ளர்களில் பேர் வெட்டும் மெஷின்
இரவு ஒன்பதுக்கு ஓயும்.
அதன்பின் என் வேலை.

பினாங்கில் ஒரு சரக்குக் கம்பெனி.
அவர்களுக்கு ஒரு டேட்டா லேக்.
பத்து வருட ரசீது, எடை, கட்டணம், கப்பல் தேதி
எல்லாம் அதில் அசையாமல் கிடக்கிறது.
"பழைய தண்ணி மட்டும் போதாது" என்றார் சாத்தப்பன்,
"இன்னைக்கு வலையில என்ன ஓடுதோ
அதையும் உள்ள விடணும்."

வரத்துக்கால் வெட்டினேன்.
கால்மணிக்கு ஒருமுறை நாற்பது கேள்வி
தேடுபொறிக்குப் போகும்:
கொழும்பில் நெரிசலா, யாங்கோனில் வேலைநிறுத்தமா,
தூத்துக்குடியில் காற்று எப்படி.
வரும் பதிலை வந்தபடியே கொட்டுகிறேன்,
செத்தை, நுரை, விளம்பரம்,
ஒரே செய்தி ஏழு தடவை, எல்லாவற்றோடும்.
வடிகட்டுவது அடுத்த தொட்டியில்.
முதல் தொட்டியில் ஒரே சட்டம்:
எதன்மேலும் எதையும் எழுதாதே.
ஒன்பதேகால் சொன்னதை ஒன்பதரை மறுத்தால்
இரண்டும் இருக்கட்டும், மணி போட்டு.

எளிதாகச் சொல்லிவிட்டேன்.
சாவி காலாவதியாகும்.
"நிறையக் கேட்கிறாய், பொறு" என்று
அந்தப் பக்கம் கதவடைக்கும்.
பொறுப்பேன். இரண்டு விநாடி, நான்கு, எட்டு, பதினாறு,
கைமாற்றுக் கேட்கப் போனவளின் கூச்சத்தோடு
மறுபடி தட்டுவேன்.

கோப்பில் நாற்பது வரி இருந்தது.
ஒரு செவ்வாய் இரவு நாற்பத்தொன்று ஆக்கினேன்.

சீ லான்டர்ன்.
தம்பி சவரிநாதன் ஏறிய கப்பல்.
இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவன்.
பதினோரு நாளாகப் போன் இல்லை.
"கடல்ல சிக்னல் கிடைக்காதும்மா" என்கிறான் ஏஜென்ட்.
தேவகோட்டையில் அம்மாவிடம் நான்
"பேசினான்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் கால்மணியில் வந்தவை விளக்குக் கடைகள்.
தோட்ட விளக்கு, தொங்கும் விளக்கு,
இரண்டு வாங்கினால் டெலிவரி இலவசம்.
கப்பலின் ஏழு இலக்க எண்ணைச் சேர்த்தேன்.
அப்புறம் ஒன்றுமே வரவில்லை.

ஒன்றும் வரவில்லை என்பதையும் சேமிக்க வேண்டும்,
நான் வைத்த விதிதான்:
கேட்கவே இல்லை என்பது வேறு,
கேட்டும் பதில் இல்லை என்பது வேறு.
01:15, பூஜ்யம்.
01:30, பூஜ்யம்.
01:45, பூஜ்யம்.
இத்தனை ஒழுங்காக யாரும் யாரையும்
காணவில்லை என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

வெள்ளி விடிகாலை 04:30, ஒன்று.
சிட்டகாங் துறைமுகத்து ஏதோ ஒரு பட்டியல்,
வெளி நங்கூரம், வரிசையில் இருபத்தாறாவது.
எண் அதே எண்.
அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன்,
பக்கம் இல்லை.
04:45, பூஜ்யம்.

வலை அதற்குள் மறந்துவிட்டது.
என் தொட்டியில் இருக்கிறது, நான்கு கிலோபைட்.
விடியும்வரை அதையே வினவினேன்.
ஒவ்வொரு முறையும் இருபத்தாறு என்றது,
ஒருமுறைகூடச் சலிக்காமல்.

மறுநாள் மாசக் கடைசி.
சாத்தப்பன் பில்லோடு வந்தார்.
அதிகம் நூற்று நாற்பது ரூபாய்தான்,
அவருக்கு நாலணா உதைத்தாலும் தூக்கம் வராது.
"நாப்பதுதானே ஒப்பந்தம். இது யாரோடது?"
சொன்னேன்.
ஏசிக்கடியில் வைத்திருந்த வாளியைப் பார்த்தார்.
"பினாங்குல கேட்டா என்ன சொல்றது?"
என்னிடம் அல்ல, வாளியிடம்.
பிறகு,
"என் பற்றுல எழுதிடுங்க."

ஞாயிறு மதியம் தம்பி கூப்பிட்டான்.
என்ன சாப்பிட்டே என்றேன்.
மீன்தான், வெறுத்துப்போச்சு என்றான்.
வரிசை நகர்ந்ததா என்று கேட்க வாயெடுத்து
ரீசார்ஜ் பற்றிப் பேசினேன்.

அந்த வரியை இன்னும் எடுக்கவில்லை.
பெரும்பாலும் பூஜ்யம், எப்போதாவது ஒரு விளக்குக் கடை.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"பேசினான்" என்றேன்.
அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
"இப்பத்தானே பேசினான்?" என்றாள்.